ஜார் கோப்பில் கையொப்பம் தகராறு செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஜாவா நிரலை ஜார் கோப்பாக (நிரலின் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்த ஜிப் வகைக் கோப்பு) கட்டி, ஜார்சைனர் என்ற கருவியால் டிஜிட்டல் கையொப்பமிட்டு அனுப்புகிறவர்களுக்கும், அப்படி வந்த கோப்பைச் சரிபார்க்கிறவர்களுக்கும் இது. ரிலீஸ் நாளன்று வருகிற பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெரிகிறது. கையொப்பம் போட்ட பிறகு யாரோ கோப்பைத் தொட்டிருப்பார்கள், இல்லை தப்பான கீஸ்டோரை (கையொப்பச் சாவியும் சான்றிதழும் இருக்கும் கோப்பு) திறந்திருப்பார்கள், இல்லை சான்றிதழ்ச் சங்கிலியில் (உங்கள் சான்றிதழிலிருந்து மூலச் சான்றிதழ்வரை ஒன்றையொன்று உறுதிசெய்யும் வரிசை) ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். இந்த மூன்றையும் தாண்டி வருவது குறைவு.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு கட்டளைகள்

கோப்பின் நிலையைப் பார்க்க:

ஜார்சைனர் -வெரிஃபை -வெர்போஸ் -சர்ட்ஸ் பில்லிங்.ஜார்

உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். வரியின் இடது ஓரத்தில் நிற்கும் எழுத்துகள்தான் முக்கியம். எஸ் என்றால் அந்தக் கோப்பின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டுவிட்டது. எம் என்றால் மேனிஃபெஸ்டில் (ஜாருக்குள் இருக்கும் பட்டியல் கோப்பில்) அதன் பெயர் இருக்கிறது. கே என்றால் நீங்கள் காட்டிய கீஸ்டோரில் அந்தச் சான்றிதழ் கிடைத்தது. நல்ல ஜாரில் எல்லா கிளாஸ் கோப்புகளுக்கும் எஸ், எம் இரண்டும் இருக்கும். நடுவில் ஒரு வரியில் மட்டும் எஸ் காணவில்லை, அல்லது புதிய ஜாவாவில் அந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கிறது என்றால், அந்தக் கோப்பு கையொப்பத்துக்குப் பிறகு உள்ளே வந்தது. மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் இருக்கும் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ என்ற கையொப்பக் கோப்புகளுக்கு எழுத்து எதுவும் வராது. அது இயல்பு, பதற வேண்டாம்.

அந்த எஸ்எஃப் கோப்பின் பெயரையும் பாருங்கள். -சிக்ஃபைல் ஆப்ஷன் கொடுக்காவிட்டால், அலியாஸின் (கீஸ்டோரில் சாவிக்குக் கொடுத்த பெயர்) முதல் 8 எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கி ஜார்சைனர் பெயர் வைக்கும். ஆகவே எந்த அலியாஸால் கையொப்பம் விழுந்தது என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு எஸ்எஃப் கோப்புகள் இருந்தால் இரண்டு முறை, இரண்டு அலியாஸால் போட்டிருக்கிறார்கள்.

கீஸ்டோரைப் பார்க்க:

கீடூல் -லிஸ்ட் -வி -கீஸ்டோர் ரிலீஸ்.பி12

இதில் அலியாஸ் பெயர், என்ட்ரி டைப், செயின் லெங்த், எந்தத் தேதிவரை செல்லும், எஸ்ஹெச்ஏ256 கைரேகை (சான்றிதழை அடையாளம் காட்டும் எண்) ஆகிய வரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே அடிக்கடி தேவைப்படும்.

## அறிகுறி: ஜார்சைனர் என்ற கட்டளையே இல்லை என்கிறது

ஜாவா ஓடுகிறது, ஜார்சைனர் மட்டும் ஓடவில்லை என்றால் அந்தக் கணினியில் ஜேஆர்இ (ஜாவா நிரலை ஓட்ட மட்டும் உதவும் தொகுப்பு) மட்டும் இருக்கிறது. ஜார்சைனர் வருவது நிரல் எழுதுகிறவர்களுக்கான ஜேடிகே தொகுப்பில்தான். ஜேடிகே இருந்தும் கிடைக்கவில்லையென்றால் அதற்குள் இருக்கும் "பின்" என்ற ஃபோல்டரை பாத் என்ற சூழல் மாறியில் சேருங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

## அறிகுறி: கீஸ்டோர் திறக்க மாட்டேன் என்கிறது

"கீஸ்டோர் வாஸ் டேம்பர்டு வித், ஆர் பாஸ்வேர்டு வாஸ் இன்கரெக்ட்" என்று வந்தால். செய்தியின் முதல் பாதியைப் படித்துவிட்டு யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பாஸ்வேர்டுதான் தப்பு. ஸ்கிரிப்டிலிருந்து ஓடும்போது மட்டும் வந்தால் பாஸ்வேர்டில் டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருக்கிறதா பாருங்கள். ஷெல் அதைத் தன் குறியாக எடுத்து விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் போடலாம். அதைவிட நல்லது, -ஸ்டோர்பாஸ்:என்வி என்று கொடுத்து சூழல் மாறியிலிருந்து எடுக்கவிடுவது. பாஸ்வேர்டு பிராசஸ் பட்டியலில் எல்லோர் கண்ணிலும் படாமலும் இருக்கும்.

"இன்வேலிட் கீஸ்டோர் ஃபார்மட்" என்று வந்தால். கையால் தட்டினால் திறக்கிறது, பில்டுக்குள் போன பிறகு திறக்கவில்லையா? மேவன் என்ற பில்டு கருவியில் ரிசோர்ஸ் ஃபில்டரிங் (கோப்புகளில் மாறிகளின் மதிப்பை நிரப்பும் வசதி) போட்டிருந்தால், கீஸ்டோரையும் எழுத்துக் கோப்பாக நினைத்து அது நகலெடுக்கும்போதே கெடுத்துவிடும். அசல் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணையும் டார்கெட் ஃபோல்டரில் உள்ளதன் எண்ணையும் ஒப்பிட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றுதான் என்றால், பெம் கோப்பை கீஸ்டோர் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். எடிட்டரில் திறந்ததும் "பிகின் சர்டிஃபிகேட்" என்று தெரிந்தால் அது கீஸ்டோர் அல்ல.

"ஹெச்மேக்பிபிஇஎஸ்ஹெச்ஏ256 நாட் அவெய்லபிள்" என்று வந்தால். கீஸ்டோரைப் புதிய ஜாவாவில் செய்து, பழைய ஜாவாவில் திறக்கிறீர்கள். ஜாவா 16 முதல் பிகேசிஎஸ்12 (பி12) வகை கீஸ்டோர் கோப்பின் இயல்பான குறியாக்கம் மாறிவிட்டது. அதே மாற்றம் 8யு301, 11.0.12 பதிப்புகளுக்கும் வந்தது. எளிய வழி, பில்டு சர்வரில் உள்ள ஜாவாவைப் புதுப்பிப்பது. அது முடியாதென்றால், புதிய கீடூலில் -ஜே-டிகீஸ்டோர்.பிகேசிஎஸ்12.லெகசி என்ற ஆப்ஷனோடு கீஸ்டோரை மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

பாஸ்வேர்டு உண்மையாகவே மறந்துபோயிருந்தால் திறப்பதற்குக் குறுக்கு வழி எதுவுமில்லை. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: "சர்டிஃபிகேட் செயின் நாட் ஃபவுண்ட் ஃபார்" என்று அலியாஸ் பெயரோடு நிற்கிறது

முதலில் கீஸ்டோர் பாதை. -கீஸ்டோர் ஆப்ஷனை விட்டுவிட்டால் ஜார்சைனர் பயனரின் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டாட் கீஸ்டோர் கோப்பைத் திறக்கும். என்றைக்கோ சோதனைக்குச் செய்த கோப்பு அங்கே இருந்தால், அதில் உங்கள் அலியாஸைத் தேடிப் பார்த்துக் கைவிரித்துவிடும்.

அடுத்தது அலியாஸ் பெயர். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பெயர் கொடுக்காமல் ஏற்றுமதி செய்த பி12 கோப்பில் அலியாஸ் வெறும் 1 என்றிருக்கும். சான்றிதழ் நிறுவனம் தந்த கோப்பில் நீளமான எண்ணெழுத்துக் கோவையாக இருக்கலாம். மேலே சொன்ன லிஸ்ட் கட்டளையில் வருவதை அப்படியே காப்பி செய்யுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் பிழை வந்தால் என்ட்ரி டைப்பைப் பாருங்கள். பிரைவேட்கீஎன்ட்ரி என்று இருக்க வேண்டும். டிரஸ்டட்சர்ட்என்ட்ரி என்று இருந்தால் அந்த அலியாஸில் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது, சாவி இல்லை. நிறுவனத்திடமிருந்து வந்த சான்றிதழை வேறொரு அலியாஸில் இறக்குமதி செய்தால் இப்படித்தான் ஆகும். சாவி எந்த அலியாஸில் பிறந்ததோ அதே அலியாஸில் மறுபடி இறக்குமதி செய்யுங்கள். அப்போது "ஃபெய்ல்டு டு எஸ்டாப்ளிஷ் செயின் ஃப்ரம் ரிப்ளை" என்று வந்தால், இடைநிலைச் சான்றிதழை (மூலச் சான்றிதழுக்கும் உங்களுடையதற்கும் நடுவில் நிற்பது) முதலில் தனி அலியாஸில் ஏற்றிவிட்டு, அப்புறம் இதை ஏற்றுங்கள்.

## அறிகுறி: கையொப்பம் போட்டாயிற்று, ஆனால் "ஜார் இஸ் அன்சைன்டு"

மெட்டா-இன்ஃபில் எஸ்எஃப் கோப்பே இல்லையா? கையொப்பத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு படி ஜாரைப் புதிதாகக் கட்டிவிட்டது. ஷேட் பிளகின் (லைப்ரரிகளை ஒரே ஜாருக்குள் சேர்ப்பது), புரோகார்டு (நிரலைச் சிறிதாக்குவது), சுருக்கிக் கொடுக்கும் ஸ்கிரிப்ட், இவற்றில் ஒன்று. கையொப்பம் எப்போதும் கடைசிப் படி; அதற்குப் பின் பதிவேற்றம் மட்டும்தான் வரலாம். பில்டு பதிவேட்டில் நேர வரிசையைப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும்.

எஸ்எஃப் இருக்கிறது, ஆனாலும் கையொப்பமில்லை என்கிறதா? செய்தியை முழுதாகப் படியுங்கள். "வீக் அல்காரிதம்" என்று தொடர்ந்தால், பழைய முறையில் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். எம்டி5 கையொப்பங்களை ஜாவா ஏப்ரல் 2017 முதல் இல்லாததாகவே கருதுகிறது. எஸ்ஹெச்ஏ-1 கையொப்பங்கள் ஜாவா 18இலும், அக்டோபர் 2022இல் வந்த 8யு351, 11.0.17, 17.0.5 பதிப்புகளிலும் அதே கதிக்கு ஆளாயின. 2019 ஜனவரி 1க்கு முன் டைம்ஸ்டாம்ப் (கையொப்பமிட்ட நேரத்துக்கு ஒரு சர்வர் தரும் சான்று) பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

நேற்றுவரை ஓடிய ஜார் இன்று ஓடவில்லை, நாங்கள் எதையும் மாற்றவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஜாவா தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் ஸ்கிரிப்டில் -டைஜஸ்ட்ஆல்க் எஸ்ஹெச்ஏ1, -சிக்ஆல்க் எஸ்ஹெச்ஏ1வித்ஆர்எஸ்ஏ என்று எழுதியிருக்கிறதா தேடுங்கள். ஆண்ட்ராய்டு தொடக்க காலப் பாடங்களிலிருந்து எடுத்த இந்த இரண்டு ஆப்ஷன்களும் பல நிறுவனங்களின் ஸ்கிரிப்டில் ஏன் என்று தெரியாமலே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் அழித்துவிடுங்கள், ஆர்எஸ்ஏ சாவிக்கு ஜார்சைனரின் இயல்பான தேர்வே போதும். பிறகு கையொப்பமில்லாத ஜாரிலிருந்து தொடங்கி மறுபடி போடுங்கள். வாடிக்கையாளரின் ஜாவா.செக்யூரிட்டி கோப்பில் தடையைத் தளர்த்தச் சொல்லும் வழி இணையமெங்கும் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள், அந்தக் கணினியில் ஓடும் மற்ற எல்லா ஜார்களுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடுவீர்கள்.

## அறிகுறி: ஓட்டும்போது செக்யூரிட்டிஎக்ஸெப்ஷன்

"இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட் ஃபார் மேனிஃபெஸ்ட் மெயின் ஆட்ரிபியூட்ஸ்". உங்கள் கையொப்பத்துக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. சார்ந்த லைப்ரரிகளை எல்லாம் ஒரே ஜாருக்குள் கொட்டியிருப்பீர்கள். அதில் ஒரு லைப்ரரி ஏற்கெனவே கையொப்பமிட்டது. பவுன்ஸிகாசில் இதில் பிரசித்தம். அதன் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ அல்லது டிஎஸ்ஏ கோப்புகள் உங்கள் மெட்டா-இன்ஃபுக்குள் வந்து விழுந்துவிட்டன; ஆனால் மேனிஃபெஸ்ட் உங்களுடையது. இரண்டும் ஒத்துப்போகாது.

அவசரத்துக்கு, ஜிப் -டி கட்டளையால் அந்த மூன்று வகைக் கோப்புகளையும் நீக்கிவிட்டு உங்கள் கையொப்பத்தைப் போடலாம். நிலையான தீர்வு, ஷேட் பிளகினின் ஃபில்டரில் மெட்டா-இன்ஃப்/*.எஸ்எஃப், *.ஆர்எஸ்ஏ, *.டிஎஸ்ஏ மூன்றையும் விலக்குவது. அந்த லைப்ரரி கையொப்பம் இல்லாமல் ஓடாத வகை என்றால் (குறியாக்கச் சேவை வழங்கும் லைப்ரரிகள் சில ஜேடிகேக்களில் அப்படி) ஒன்றாகக் கொட்டாமல் தனி ஜாராகவே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.

"எஸ்ஹெச்ஏ-256 டைஜஸ்ட் எரர் ஃபார்" என்று ஒரு கோப்பின் பெயரோடு. அந்தப் பெயரில் இருக்கும் ஒரே ஒரு கோப்பு மாறியிருக்கிறது. அது கான்ஃபிகரேஷன் கோப்பென்றால் நிறுவுகிறவர் ஜாரைத் திறந்து சர்வர் முகவரியை மாற்றியிருப்பார்; அப்படிப்பட்ட கோப்பு ஜாருக்கு வெளியே இருக்க வேண்டியது. கிளாஸ் கோப்பென்றால் விஷயம் வேறு. நீங்கள் அனுப்பிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணையும் அவர்களிடம் உள்ளதையும் ஒப்பிடுங்கள். விண்டோஸில் சர்ட்யூடில் -ஹேஷ்ஃபைல் (கடைசியில் எஸ்ஹெச்ஏ256 என்று சேர்த்து), லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம். எண் வேறாக இருந்து, மறுபடி இறக்கியும் வேறாகவே வந்தால் அந்தக் கோப்பை ஓட்டாமல் தனியே எடுத்து வைத்து, பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள். கிளாஸ் கோப்பு தானாக மாறாது.

## அறிகுறி: "ஜார் வெரிஃபைடு" என்கிறது, கீழே எச்சரிக்கைகள் கொட்டுகின்றன

"பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெய்ல்டு". நம்பகமான மூலச் சான்றிதழ்வரை சங்கிலியைக் கட்ட முடியவில்லை என்று பொருள். செயின் லெங்த் 1 என்று இருந்தால் ஒன்று சுயக் கையொப்பச் சான்றிதழ், இல்லை இடைநிலை விட்டுப்போனது. இடைநிலைதான் காரணம் என்றால், முழுச் சங்கிலியையும் ஒரே பெம் கோப்பில் வைத்து -சர்ட்செயின் ஆப்ஷனில் கொடுத்து மறுபடி கையொப்பமிடுங்கள். சுயக் கையொப்பம் என்றால், உங்கள் பொதுச் சான்றிதழைப் பெறுகிறவரிடம் கொடுத்து அவர் கீஸ்டோரில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் முன் எஸ்ஹெச்ஏ256 கைரேகையைப் போனில் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்த அதே மின்னஞ்சலில் கைரேகையும் வந்தால் அது சரிபார்ப்பே அல்ல.

"எக்ஸ்டெண்டட்கீயூசேஜ் டஸன்ட் அலவ் கோடு சைனிங்". இந்தியாவில் அடிக்கடி பார்ப்பது. ஜிஎஸ்டி, கம்பெனி ஃபைலிங் வேலைக்காக ஆடிட்டர் வாங்கிக்கொடுத்த கிளாஸ் 3 டோக்கனை (சாவியும் சான்றிதழும் உள்ள யூஎஸ்பி கருவி), டிஜிட்டல் கையொப்பம்தானே என்று ஜாருக்கும் பயன்படுத்துகிறார்கள். அது ஆவணத்தில் கையெழுத்திட ஒருவருக்குத் தந்த சான்றிதழ். நிரலுக்கான அனுமதி அதில் இல்லை. தவிர, இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் ஜாவாவின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாததால் மேலே சொன்ன பிகேஐஎக்ஸ் எச்சரிக்கையும் கூடவே வரும். கட்டளையை எப்படி மாற்றினாலும் தீராது. கோடு சைனிங் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இங்கே செலவு உண்டு.

"எக்ஸ்பயர்டு" அல்லது "நாட் யெட் வேலிட்". முதலில் கணினியின் கடிகாரம். தேதி பின்தங்கிய விர்ச்சுவல் மெஷினில் புத்தம்புதுச் சான்றிதழும் இன்னும் தொடங்கவில்லை என்று காட்டும். கடிகாரம் சரியென்றால், சான்றிதழ் காலாவதியாகும் முன் போட்ட கையொப்பத்தில் டைம்ஸ்டாம்ப் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஜார் தொடர்ந்து செல்லும். இல்லாவிட்டால் புதுச் சான்றிதழால் மறுபடி போட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் மறுபடி அனுப்ப வேண்டியதுதான்.

"அன்சைன்டு என்ட்ரீஸ்". கேள்விக்குறி நிற்கும் கோப்புகளைத் தேடுங்கள். பெரும்பாலும் லைசென்ஸ் கோப்போ, பதிப்பு எண் கோப்போ கடைசி நிமிடத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்.

## அறிகுறி: டைம்ஸ்டாம்ப் சர்வர் பதில் தரவில்லை

வீட்டில் ஓடும், அலுவலகத்தில் நிற்கும். காரணம் பிராக்ஸி. பிரவுசரில் பிராக்ஸி போட்டிருப்பதை ஜார்சைனர் கண்டுகொள்ளாது, -ஜே-டிஹெச்டிடிபி.பிராக்ஸிஹோஸ்ட், -ஜே-டிஹெச்டிடிபி.பிராக்ஸிபோர்ட் இரண்டையும் நீங்களே கொடுக்க வேண்டும். கொடுத்தும் நின்றால் -டிஎஸ்ஏ ஆப்ஷனில் கொடுத்த டைம்ஸ்டாம்ப் சர்வர் முகவரியை எழுத்துப் பிழைக்குப் பாருங்கள். அதுவும் சரியென்றால் நெட்வொர்க் நிர்வாகியிடம் அந்த முகவரிக்கு அனுமதி கேளுங்கள். நேரமாகிறதே என்று டைம்ஸ்டாம்ப் இல்லாமல் அனுப்பிவிட்டால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் அந்த ஜார் உங்களைத் தேடி வரும்.

## அறிகுறி: டோக்கனிலிருந்து கையொப்பமிட முடியவில்லை

2023 ஜூன் 1 முதல் பொதுவாக நம்பப்படும் கோடு சைனிங் சான்றிதழ்களின் சாவி வன்பொருளில்தான் இருக்க வேண்டும். அதனால் -கீஸ்டோர் நன், -ஸ்டோர்டைப் பிகேசிஎஸ்11 என்று கொடுத்து, டிரைவரின் பாதை எழுதிய சிறு கோப்பை -புரொவைடர்ஆர்க்கில் காட்ட வேண்டும். ஜாவா 9 முதல் -ஆட்புரொவைடர் சன்பிகேசிஎஸ்11 என்பதும் கூடவே.

"பிகேசிஎஸ்11 நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் டோக்கன் செருகியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். செருகியிருந்தும் வந்தால், ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களா? விண்டோஸில் அந்த அமர்வுக்குத் தெரிவது உங்கள் முன்னால் உள்ள கணினியின் டோக்கன். சர்வரில் செருகியது தெரியாது. அதுவும் இல்லையென்றால் 64 பிட் ஜாவாவுக்கு 32 பிட் டிரைவரைக் காட்டியிருக்கலாம்.

"சிகேஆர் பின் இன்கரெக்ட்" வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில தப்பான முயற்சிகளில் டோக்கன் பூட்டிக்கொள்ளும். தானாக மறுமுயற்சி செய்யும் பில்டு சர்வர் இதைக் கண்ணிமைப்பதற்குள் செய்து முடித்துவிடும். "சிகேஆர் பின் லாக்டு" வந்துவிட்டால் இனி வேலை உங்களுடையது அல்ல, சான்றிதழ் தந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுடையது. டோக்கன் மென்பொருளில் இனிஷியலைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பூட்டும் போகும், சாவியும் போகும்.

## அறிகுறி: ஆண்ட்ராய்டில் நிறுவ மறுக்கிறது

ஜார்சைனர் போடுவது வி1 என்ற பழைய முறைக் கையொப்பம் மட்டும். டார்கெட் எஸ்டிகே 30 அல்லது அதற்கு மேல் உள்ள ஏபிகேயை (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) ஆண்ட்ராய்டு 11 முதல் வி1 மட்டும் இருந்தால் ஏற்காது. ஏபிகேசைனர் பயன்படுத்துங்கள். ஜிப்அலைனை (ஏபிகேக்குள் இருப்பவற்றை ஒழுங்காக அடுக்கும் கருவி) அதற்கு முன் ஓட்டுங்கள். பின்னால் ஓட்டினால் கையொப்பம் உடையும். பிளே ஸ்டோருக்கு ஏற்றும் ஏஏபி கோப்புக்கு மட்டும் இன்றும் ஜார்சைனர்தான்.

"அப்டேட் இன்கம்பேட்டிபிள்" என்றால் போனில் இருக்கும் பதிப்பு வேறு சாவியால் கையொப்பமிட்டது. ஏபிகேசைனர் வெரிஃபை --பிரிண்ட்-சர்ட்ஸ் காட்டும் கைரேகையை கீஸ்டோரின் கைரேகையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் போனில் டீபக் பில்டு இருக்கும். அதை நீக்கிவிட்டு நிறுவினால் முடிந்தது.

## அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனாலும் தப்பான ஜார் வெளியே போகிறது

கையொப்பமே இல்லாத ஜாரைக் கொடுத்தாலும் ஜார்சைனர் -வெரிஃபை செய்தியைக் காட்டிவிட்டு 0 என்றே முடியும். பில்டு சர்வர் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். -ஸ்டிரிக்ட் சேர்த்தால்தான் எச்சரிக்கைகள் எண்ணாக வரும்: 4 என்றால் சான்றிதழிலோ சங்கிலியிலோ கோளாறு, 8 என்றால் கோடு சைனிங் அனுமதியில்லை, 16 என்றால் கையொப்பமில்லாத கோப்பு உள்ளே. 20 வந்தால் 4ம் 16ம் சேர்ந்து வந்திருக்கிறது.

அப்புறம், "ஜார் வெரிஃபைடு" என்பது யாரோ ஒருவர் கையொப்பமிட்டார், பிறகு மாறவில்லை என்று மட்டும் சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லவில்லை. கட்டளையின் கடைசியில் எதிர்பார்க்கும் அலியாஸையும், கூடவே -கீஸ்டோரையும் கொடுத்தால், வேறு யாராவது போட்டிருந்தால் -ஸ்டிரிக்டில் 32 வரும்.

## அறிகுறி: சாவி தொலைந்தது, அல்லது கசிந்தது

தொலைந்திருந்தால் முதலில் பேக்கப்பைத் தேடுங்கள், பழைய பில்டு சர்வரின் வட்டையும் சேர்த்து. கிடைக்கவில்லையென்றால் சான்றிதழ் நிறுவனத்திடம் மறுவழங்கல் கேட்கலாம். பழைய ஜார்களை அது பாதிக்காது. பிளே ஸ்டோரில் கூகுளே செயலிச் சாவியை வைத்திருக்கும் ஏற்பாட்டில் நீங்கள் இருந்தால், பதிவேற்றச் சாவியை மாற்றித் தரும்படி கணக்கின் உரிமையாளர் பிளே கன்சோலில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்ட் 2021 முதல் புதிய செயலிகள் எல்லாம் அந்த ஏற்பாட்டில்தான். பழைய செயலி, சாவி உங்களிடம் மட்டுமே இருந்தது என்றால் அதே பெயரில் புதுப்பிப்பு வெளியிட வழியில்லை.

கசிந்திருந்தால், உதாரணமாக கீஸ்டோரும் பாஸ்வேர்டும் கிட் ரெப்போவுக்குள் போயிருந்தால், கமிட்டை அழிப்பதில் நேரம் செலவிடாதீர்கள். நகல் எடுத்தவரிடம் அது இருக்கும். உடனே சான்றிதழ் நிறுவனத்தைக் கூப்பிட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்பார்கள். அந்தத் தேதிக்கு முன் டைம்ஸ்டாம்ப் பெற்ற கையொப்பங்கள் பிழைக்கும், பின்னால் போட்டவை போகும். ஆகவே அழைப்பதற்கு முன் கிட் பதிவேட்டில் கீஸ்டோர் முதன்முதலில் எந்த நாளில் உள்ளே போனது என்பதைப் பார்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.